வீட்டு மனையின் மட்டமும் மழைநீர் வடிகாலும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவை பெருநகர சென்னை மாநகராட்சியின் 1 முதல் 6 வரையிலான மண்டலங்கள். இங்கே தனி வீடு வைத்திருப்பவர்களையும் கட்டப்போகிறவர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான விதிகள் இதைவிட விரிவானவை. அவை இங்கே இல்லை.

மட்டம் பார்க்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

வாசலுக்கு வெளியே தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலிலிருந்து. பெரும்பாலானோர் வீட்டுத் தரையை முதலில் முடிவு செய்துவிட்டு, கடைசியில் பெயின்டர் வரும் நாளில் "தண்ணி எப்படி வெளியே போகும்?" என்று மேஸ்திரியிடம் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் மேஸ்திரி என்ன செய்ய முடியும்? தரையைக் கொத்த வேண்டும், அல்லது ஒரு மோட்டார் வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு டியூப் லெவல் போதும். நிறமில்லாத அரை அங்குல பிளாஸ்டிக் குழாய், நீளம் 50 அடி. தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் குமிழி இன்னும் உள்ளே இருக்கிறது. வீட்டு நிலைவாசற்படிக்கு மேலே 3 அடியில் சுவரில் ஒரு கோடு போட்டு, அதே மட்டத்தைக் காம்பவுண்டுத் தூண்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கீழே ஆறு இடங்களை அளந்து எழுதுங்கள்: வாசற்படி, பின்பக்க மூலைகள் இரண்டு, கேட்டின் அடி, வடிகால் மூடியின் மேற்புறம், வடிகாலின் அடித்தளம். கடைசி அளவை, மண் தங்குவதற்காகத் தெரு வடிகாலில் கட்டியிருக்கும் வண்டல் தொட்டியின் கம்பி மூடி வழியாக ஒரு குச்சியை விட்டே எடுத்துவிடலாம். மூடிப் பலகையை நீங்களாகத் தூக்கக் கூடாது.

60 அடி ஆழமுள்ள மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோட்டிலிருந்து வாசற்படி 3 அடி, பின்மூலை 4 அடி 6 அங்குலம், கேட் 4 அடி 9 அங்குலம். பின்மூலைக்கும் கேட்டுக்கும் இடையே 3 அங்குலம்தான் வித்தியாசம். 60 அடி என்பது 720 அங்குலம். ஆக 240-க்கு 1 சாய்வு. கையால் தேய்த்த சிமெண்ட் தரையில் இது ஓடாது, குட்டை குட்டையாக நிற்கும். 100-க்கு 1 வேண்டுமென்றால் 7 அங்குலத்துக்குச் சற்று மேல் தேவை. பின்மூலையை 4 அங்குலம் ஏற்றினால் ஏறக்குறைய அது கிடைத்துவிடும். அப்போதும் பின்மூலை வாசற்படியைவிட 14 அங்குலம் தாழ்வாகவே இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் திரும்ப வழியில்லை.

இன்னொரு அளவும் உண்டு. நல்ல மழை ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து வடிகாலுக்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வடிகால் 3 அடி ஆழம் என்பது காகிதக் கணக்கு. அதில் 2 அடித் தண்ணீர் தேங்கி நின்றால் உங்களுக்குக் கிடைப்பது 1 அடிதான். பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் கடல் ஏற்றத்தின்போது வடிகால் ஓட்டம் மந்தமாகும், சில மணி நேரம் நின்றும் போகும். அங்கே வடிகாலின் அடித்தளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நிற்கும் தண்ணீரின் மட்டம்தான் கணக்கு.

எவ்வளவு சாய்வு வேண்டும்?

வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்கு 50-க்கு 1, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. இதைத்தான் பிளிந்த் புரொடக்‌ஷன் என்கிறார்கள். மீதி முற்றத்துக்கு 100-க்கு 1 போதும். மண்ணும் புல்லுமாக விட்டால் 50-க்கு 1 வைத்துக்கொள்ளுங்கள். மண் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும்.

பக்கவாட்டுச் சந்து 3 அடிதான் இருக்கிறது என்றால் தரை முழுவதையும் சாய்க்கப் பார்க்க வேண்டாம். காம்பவுண்டுச் சுவர் பக்கமாக 6 அங்குல அகலம், 4 அங்குல ஆழத்தில் ஒரு வாய்க்கால் எடுத்து, வாய்க்காலுக்கு மட்டும் 150-க்கு 1 சாய்வு கொடுங்கள். உள்ளே சிமெண்ட் பால் பூசி வழவழப்பாக்கினால் அந்தச் சாய்விலேயே ஓடும். வாய்க்காலை வீட்டுச் சுவரை ஒட்டி எடுப்பது இங்கே சகஜமாகப் பார்க்கும் தவறு. இரண்டு வருடத்தில் சுவரும் வாய்க்காலும் சேருமிடத்தில் விரிசல் விட்டு, தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும்.

வீட்டை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்?

சுற்றியுள்ள தரை மட்டத்திலிருந்து பிளிந்த் (வீட்டின் தரைத்தள மட்டம்) குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உள்முற்றம் இருந்தால் அது தரை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்ந்திருந்து, தண்ணீர் வெளியேறும் வழியோடு இருக்க வேண்டும்.

ஒன்றரை அடி என்பது குறைந்தபட்சம். கொடுங்கையூர், வியாசர்பாடி, மணலி புதுநகர் போன்ற தாழ்வான இடங்களில் அது காணாது. தெருவின் நடுப்பகுதியிலிருந்து 3 அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. தெருவில் பழைய வீடு எதிலாவது 2015 அல்லது 2023 வெள்ளக் கறை சுவரில் தெரிந்தால், அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே உங்கள் தரை இருக்கட்டும். அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த வரைபடத்தையும்விட அவர்கள் காட்டும் கோடு துல்லியமாக இருக்கும்.

பெரிய மனைப்பிரிவுகளுக்கும் கட்டடங்களுக்கும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மனையைக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்பதை அந்தச் சான்று குறிப்பிடும். மனைப்பிரிவில் மனை வாங்குகிறவர்கள் அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் நிரப்பியிருக்க வேண்டிய மண்ணை உங்கள் செலவில் நிரப்ப வேண்டிய நிலை வராமலிருக்கும்.

ரோடு போடும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே போகிறதே, நாங்கள் என்னதான் செய்வது?

பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டத்தைவிடச் சாலை உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தல் அனுப்பினார். ஆகவே உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது, சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள் என்றால் அன்றைக்கே வார்டு உதவிப் பொறியாளரிடம் சொல்லுங்கள். போட்டு முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. வேலைக்கு முன்பே வடிகால் மூடியிலிருந்து கேட்டின் அடி வரை உள்ள உயரத்தை அளந்து, அளவுநாடா தெரியும்படி தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மனையை உயர்த்த என்ன மண் போடுவது?

சவுடு அல்லது கிராவல். இடிபாட்டு ரப்பிஷ் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் அதில் மரத்துண்டு, பிளாஸ்டிக், பெரிய கான்கிரீட் கட்டிகள் கலந்து வரும். கட்டிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் மழைக்காலத்தில் மேல்மண் கரைந்து இறங்கும். போர்ட்டிகோ ஒரு பக்கமாக அமுங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரப்பிஷ்தான் போடுகிறீர்கள் என்றால் அடிப்பகுதிக்கு மட்டும், கட்டிகளை உடைத்து, இடைவெளியில் மணல் தள்ளித் தண்ணீர் விட்டுப் போடுங்கள்.

எந்த மண்ணானாலும் 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்து ரேமரால் (மண்ணை இறுக்கும் இடிகருவி) அடித்த பிறகு அடுத்த அடுக்கு. லாரியில் வந்ததை மூன்று அடி மொத்தமாகக் கொட்டிப் பரப்பினால் முதல் பருவமழையில் சில அங்குலமாவது இறங்கும். நீங்கள் கொடுத்த சாய்வு அதோடு போய்விடும். களிமண்ணை மேலடுக்கில் போடவே வேண்டாம்.

பழைய வீட்டு முற்றத்தை உயர்த்தும்போது சுவரில் உள்ள ஈரத்தடுப்பு அடுக்கைக் கவனியுங்கள். அது பிளிந்த் மட்டத்தில் இருக்கும். புதிய மண் அதற்கு மேல் போனால் ஈரம் நேராகச் சுவரில் ஏறி, உள்ளே ஓரடி இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். அந்த அடுக்குக்குக் கீழே 6 அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும்.

மனை பழைய குட்டையிலோ ஏரிப் புறம்போக்கிலோ இருந்தால் மண் போடுவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

நான் மண் போட்டு உயர்த்தியதால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். சட்டம் யார் பக்கம்?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-வது பிரிவின் விளக்கத்தில் இதைத் தொடுகிறது. மேட்டு நிலத்தில் இயல்பாக விழுந்து, வாய்க்கால் எதுவும் இல்லாமல் பரவலாக ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும். "இயல்பாக" என்ற சொல்தான் இங்கே முக்கியம். நீங்கள் லாரி வைத்து மேடாக்கிய நிலத்திலிருந்து வரும் தண்ணீரையோ, மாடியிலிருந்து குழாய் வைத்து எதிர்வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பிய தண்ணீரையோ இயல்பான ஓட்டம் என்று வாதிடுவது கடினம். அதே சமயம், மேட்டிலிருந்து காலங்காலமாக வரும் ஓட்டத்தைப் பள்ளத்துக்காரர் சுவர் வைத்து அடைத்து உங்கள் மனையில் தேங்க வைப்பதும் சரியில்லை.

தகராறு வராமலிருக்கச் செய்ய வேண்டியது இது. எல்லையில் உங்கள் பக்கம், நிரப்பிய மண்ணைத் தாங்கும் சுவரைக் கட்டுங்கள். ஒன்பது அங்குலக் காம்பவுண்டுச் சுவரில் 3 அடி மண்ணைச் சாய்த்து வைத்தால் ஈரத்தின் எடையில் அது பக்கத்து வீட்டுப் பக்கம் சாயும். அந்தச் சுவரின் உட்பக்கமே வாய்க்கால் எடுத்து எல்லாத் தண்ணீரையும் தெருப் பக்கம் கொண்டுபோங்கள். மாடியில் சன்ஷேடுத் தண்ணீர்கூட எல்லை தாண்டிச் சொட்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டு அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டு, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று இடத்திலேயே காட்டிவிடுங்கள். பாதித் தகராறுகள், யாரும் சொல்லாமல் மண் லாரி வந்து நின்ற காலையில்தான் தொடங்குகின்றன.

பேசித் தீரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அப்போது வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, அவர் நேரில் வந்து மட்டங்களைக் குறிக்கும்படி மனு செய்யுங்கள். முடிந்தால் மழைக்காலத்திலேயே. வெயிலில் பார்க்கும்போது எல்லா முற்றமும் நல்ல முற்றம்தான். தண்ணீர் பொதுத் தெருவிலோ பொதுச் சந்திலோ நின்று பலருக்கும் தொல்லையானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-வது பிரிவு. இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் மட்டும் நடக்கும் சண்டைக்கு இது பொருந்தாது.

மனையின் மழைநீரைத் தெருவுக்கு அப்படியே திறந்துவிடலாமா?

கூடாது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். முதலில் மனைக்குள்ளேயே பிடித்து இறக்க வேண்டும். மிஞ்சுவதுதான் வெளியே போகலாம். கேட்டின் குறுக்கே 7.5 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குல உயரத்துக்கு ஒரு சிறு தடுப்பு வைப்பதும் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான மழைநீர் சேகரிப்பு விதிகளில் சொல்லப்பட்டிருப்பதுதான். அதை இருபுறமும் சாய்வாகப் பூசினால் ஸ்கூட்டர் ஏறி இறங்கச் சிரமம் இருக்காது. தெருத் தண்ணீர் உள்ளே வருவதையும் அதே தடுப்பு கொஞ்சம் நிறுத்தும்.

மிஞ்சும் தண்ணீருக்கு 4 அங்குலக் குழாய், முடிந்தால் 6 அங்குலம். முற்றத்தின் கடைசியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, குழாயை அதன் அடியிலிருந்து 8 அங்குலம் மேலே தொடங்குங்கள். மண்ணும் இலையும் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். குழாய் வாயில் ஒரு கம்பி வலை. மறுமுனையைத் தெரு வடிகாலின் வண்டல் தொட்டியில் சேர்ப்பதற்கு மண்டல அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். வடிகால் சுவரை நீங்களே உளி வைத்து உடைப்பதும் சாலையை வெட்டுவதும் விதிமீறல். அதோடு, உடைத்த இடத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனையில் குப்பை மாட்டி, தெரு முழுவதற்கும் அங்கேதான் அடைக்கும். வடிகால் நிரம்பும்போது தண்ணீர் உங்கள் முற்றத்துக்குத் திரும்பாமலிருக்க, முனையில் ஒருவழி மூடி ஒன்றைக் கேட்டுப் போடுங்கள்.

மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விட்டால்?

விடக் கூடாது. அது மெட்ரோ வாட்டருடையது, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. வீட்டுக் கழிவுநீரின் அளவுக்குக் கணக்கிட்டுப் போடப்பட்ட குழாய். தெருவில் பத்து வீடுகள் மாடித் தண்ணீரை அதில் திருப்பினால், தாழ்வான பதினோராவது வீட்டின் கழிப்பறை வழியாக அது பொங்கும். தெருவில் தண்ணீர் நிற்கும்போது மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான். அதோடு, தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி ஆளை விழுங்கும்.

கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடலாமா?

கூடாது. கண்டுபிடித்தால் மாநகராட்சி இணைப்பை அடைத்து அபராதமும் போடும். துணி துவைத்த தண்ணீரும் கழிவுநீர்தான்.

மழைக்காலத்தில் கழிப்பறையிலிருந்து சாக்கடை பொங்குகிறது. என்ன வழி?

தெரு மேன்ஹோல் மூடியைவிட உங்கள் கழிப்பறை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டின் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் சேம்பருக்கும் தெருவுக்கும் நடுவே, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மண்ணில் புதைத்துவிடாமல், கையை விட்டுச் சுத்தம் செய்யும்படி தனிச் சேம்பருக்குள் வைக்க வேண்டும். மூடித்தகட்டில் ஒரு துணித்துண்டு மாட்டினாலும் அது மூடாது. ஆகவே செப்டம்பரில் ஒரு முறை திறந்து கழுவுங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மாடியில் இருப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டில்தான் பொங்கும்.

எங்கள் மழைநீர்க் குழி தண்ணீரை உறிஞ்சவே இல்லை. ஏன்?

நீங்கள் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கடலோரப் பட்டையில் மணல். குழி நன்றாக இழுக்கும். மேற்கே கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் போனால் பல இடங்களில் களிமண். அங்கே மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி போட்டால் அது ஒரு தொட்டி, அவ்வளவுதான்.

தோண்டுமுன் சோதித்துப் பாருங்கள். உத்தேசித்த ஆழத்தில் ஒரு அடிச் சதுரக் குழி எடுத்து, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த ஆழத்தில் பயனில்லை. குழியின் அடியிலிருந்து 6 அங்குல ஆழ்துளை (போர்) போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறக்கி, துளையிட்ட குழாயை வலை சுற்றி விட வேண்டும். கலங்கல் தண்ணீர் போருக்குள் போனால் ஓரிரு வருடத்தில் அது அடைத்துக்கொள்ளும். எனவே மாடித் தண்ணீரை மட்டும், வடிகட்டிய பிறகே விடுங்கள். முற்றத்துத் தண்ணீர் வேண்டாம்.

அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 9,300 லிட்டர் விழும். 3 அடி விட்டத்தில் 10 அடி ஆழத்துக்கு உறை இறக்கினால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 2,000 லிட்டர். அதையே ஜல்லியால் நிரப்பிவிட்டால் இடைவெளிகளில் நிற்பது சுமார் 800 லிட்டர். ஆகவே உறையை வெறுமையாக விட்டு, அடியில் மட்டும் ஓரடி ஜல்லி போட்டு, மேலே கனமான மூடி வைப்பது நல்லது. குழி எவ்வளவு பெரிதானாலும் மிஞ்சும் நீருக்கு வழி வேண்டும். நவம்பரில் பல தெருக்களில் நிலத்தடி நீரே தரைக்கு மிக அருகில் வந்துவிடும். அப்போது எந்தக் குழியும் வாங்காது.

வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 5 அடி தள்ளியும், செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தூரத்திலும் குழியை வையுங்கள். மழை நின்று மூன்று நாளில் குழி வற்றாவிட்டால் கொசு வந்துவிடும். மூடியின் ஓட்டைகளுக்குக் கொசுவலை கட்டுங்கள்.

மாடிக்கு எத்தனை குழாய் இறக்க வேண்டும்?

மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால் ஒரு 4 அங்குலக் குழாய் 42.7 சதுர மீட்டர் மாடியைத் தாங்கும் என்கிறது தேசிய விதித்தொகுப்பின் அட்டவணை. 1,000 சதுர அடி மாடிக்கு மூன்று குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 அங்குலக் குழாய் அதில் பாதியைக்கூடத் தாங்காது. விலை வித்தியாசமோ சொற்பம்.

கேட்டுக்கு வெளியே ரேம்ப் கட்டலாமா?

தெருவிலும் வடிகால் மேலும் கட்ட அனுமதி இல்லை. மாநகராட்சி இடித்தால் இழப்பீடும் கேட்க முடியாது. வடிகாலுக்குத் தண்ணீர் போகும் வாயை ரேம்ப் அடைத்துவிடுவதுதான் பெரிய தொல்லை. அதற்கப்புறம் தெருவே குளம்.

ரேம்பை மனைக்குள் எடுங்கள். ஸ்கூட்டருக்கு 8-க்கு 1 சாய்வு என்றால், 3 அடி ஏற 24 அடி நீளம் வேண்டும். சின்ன மனையில் அது கிடைக்காது. வண்டி நிறுத்தும் இடத்தைத் தெரு மட்டத்திலிருந்து ஓரடியில் வைத்து, வீட்டுக்குப் படி ஏறிப் போவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். வண்டி நனைந்தால் மெக்கானிக் இருக்கிறார்.

முற்றம் முழுக்க சிமெண்ட் போடலாமா, பேவர் பிளாக்கா?

இடம் இருந்தால் பாதியை மண்ணாகவே விடுங்கள். பேவர் போடுகிறவர்கள் அடியில் கான்கிரீட் போட்டுவிட்டு "தண்ணி இறங்கும் சார்" என்பார்கள், இறங்காது. தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் 6 அங்குலம் 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் 2 அங்குலம் சிறு ஜல்லி, அதன் மேல் கல், இடுக்குகளில் சிப்ஸ் ஜல்லி என்று போட வேண்டும். எம்-சாண்டை இடுக்கில் அடைத்தால் அதிலுள்ள பவுடர் இறுகி ஓர் ஆண்டில் தரைபோல ஆகிவிடும். ஓரங்களில் கர்ப் கல் வைக்காவிட்டால் கற்கள் விலகி, சாய்வு மாறிப்போகும்.

எங்கள் வீடு ஏற்கெனவே தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

இங்கே ஈர்ப்பு விசை உங்களுக்கு எதிராக இருக்கிறது. ஆகவே இரண்டு வேலை: தெருத் தண்ணீரை உள்ளே விடாமலிருப்பது, உள்ளே விழும் மழையை இறைத்து வெளியேற்றுவது.

முதலாவதற்குக் கேட்டின் இரு தூண்களிலும் இரும்பு யு-சேனல் பதித்து, மழைக்காலத்தில் 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் பலகையை ரப்பர் வைத்து இறக்கலாம். ஒன்றரை அடி உயரம் போதும். அதற்கு மேல் போனால் தண்ணீரின் அழுத்தம் பழைய காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிவிடும். சுவரில் உள்ள ஓட்டைகள், பழைய குழாய்த் துளைகள், சுவருக்கு அடியில் எலி வளைகள் எல்லாவற்றையும் அடைத்தால்தான் பலகைக்கு அர்த்தம். மணல் பகுதிகளில் தண்ணீர் சுவருக்கு அடியிலும் ஊறி வரும். பலகை தாமதப்படுத்தும், முழுக்க நிறுத்தாது.

இரண்டாவதற்கு, முற்றத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் 2 அடிச் சதுரம், 3 அடி ஆழத்தில் குழி எடுத்து, அதில் மிதவை சுவிட்சு உள்ள அரை எச்.பி. கழிவுநீர் சப்மெர்சிபிள் மோட்டாரை வைக்கவும். சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றும் சாதாரண மோட்டார் இதற்கு உதவாது. மண்ணும் இலையும் புகுந்து நின்றுவிடும். வெளியேற்றும் குழாயைத் தெரு வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து விடுங்கள். இல்லையென்றால் மோட்டார் நின்றதும் தண்ணீர் அதே வழியே திரும்பி வரும். மின்கசிவு வந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த மோட்டாரைப் போடவே போடாதீர்கள். பெருமழையில் முதலில் போவது கரண்ட்தான் என்பதால் இன்வெர்ட்டரோ சிறு ஜெனரேட்டரோ இல்லாத வீட்டில் இந்த ஏற்பாடு பாதிதான். மீட்டர் பெட்டியும் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் எட்டிவிட்டால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது பாதுகாப்பானதா?

வீட்டைப் பொறுத்தது. நாலு பக்கமும் இடைவெளியோடு, நல்ல பெல்ட் கான்கிரீட்டோ தூண்களோ உள்ள வீடு தாங்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர், பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) ஆகியவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ஒட்டிக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான். தூக்கும் நிறுவனத்தின் ஆள் சொல்வதை மட்டும் கேட்காமல், அவர்களோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வீடு உயர்ந்த பிறகு கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க், படிக்கட்டு, மீட்டர் எல்லாம் பழைய மட்டத்திலேயே நிற்கும். அந்தச் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்ப் பற்றி ஏதாவது?

மூடியின் வாய் முற்றத்திலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கை வந்ததும் சம்ப்பை நிரப்பி வையுங்கள். நிலத்தடி நீர் மேலே வரும்போது வெறும் தொட்டியை அது அடியிலிருந்து தூக்கும். பைபர் தொட்டி என்றால் வெளியே மிதந்தே வந்துவிடும், சிமெண்ட் தொட்டி என்றால் விரிசல் விடும். வெள்ளத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் முழுக்க இறைத்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

கட்டட அனுமதி தரும்போது இதையெல்லாம் சரிபார்ப்பார்களா?

2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். விதிப்படி கட்டுவேன் என்று நீங்கள்தான் கையெழுத்திடுகிறீர்கள். எனவே வரைபடத்தில் முற்றத்தின் ஆறு மட்டங்களையும் மழைநீர்க் குழியையும் வெளியேறும் குழாயையும் குறித்துத் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் குறிக்க மாட்டார்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதியில் அது நடந்தது. எண்ணெய்ப் படலம் தெரிந்தவுடன் மழைநீர்க் குழிக்கும் கிணற்றுக்கும் போகும் வழியை அடைத்துவிடுங்கள். வடிந்த பிறகு முற்றத்து மேல்மண்ணைச் சுரண்டித் தனியாகக் குவித்து மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டு வடிகாலில் கழுவிவிட்டால் அது நேராக முகத்துவாரத்துக்கும் மீன்பிடிப்பவர்களின் வலைக்கும்தான் போகும்.

எதற்கு யாரிடம் புகார் செய்வது?

மழைநீர் வடிகால், தெருவில் தேங்கும் நீர், ரேம்ப் எல்லாம் மாநகராட்சி: 1913. சாக்கடை, குடிநீர் மெட்ரோ வாட்டர்: 1916 அல்லது 044 4567 4567. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு, புழல் உபரிநீர்க் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறை. "எங்க தெருவுல தண்ணி நிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வார்டு எண், கதவு எண், எந்த வண்டல் தொட்டி அடைத்திருக்கிறது, தண்ணீர் எந்தத் திசையில் போக வேண்டும், எங்கே நிற்கிறது என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது?

மண் நிரப்பும் வேலையை பிப்ரவரி முதல் மே வரை. ஜூன், ஜூலையில் வரும் மாலை மழையில் மண் தானாகக் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு தரை போடுங்கள். சாலை வெட்ட வேண்டிய இணைப்புகளை ஆகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும். பருவமழை நெருங்கினால் சாலை வெட்ட அனுமதி தர மாட்டார்கள். செப்டம்பரில் தொட்டி, குழாய், வால்வு சுத்தம். தரை போட்டு முடித்த அன்றே மேஸ்திரிக்குக் கணக்குத் தீர்க்காமல், பின்மூலையில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

முற்றத்தில் பழைய கிணறு இருக்கிறது. மூடிவிடலாமா?

மூடாதீர்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய கிணறுகள் மணலில் இருப்பவை. புதிதாகத் தோண்டும் எந்தக் குழியும் அந்த அளவுக்கு வாங்காது. சுவரை முற்றத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்தி, மேலே கம்பி வலை போட்டு, மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாக மட்டும் அதில் விடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே தள்ள அந்தக் குழாயில் ஒரு வால்வு இருக்கட்டும். குழாயின் முனை கிணற்றுத் தண்ணீருக்கு அருகே வரை இறங்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் பழைய உறைகளின் இடுக்கு மண் அரித்துக்கொண்டு போகும்.